வாள் கேட்ட கார்

கீரி ஊர்ச் சந்தியோகுவின் கார் மணிக்கு நாற்பது கிலோமீற்றரைத் தாண்டும்போது வாள் கேட்டது. நிற்கிற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் கேட்காது. காலை எடுத்துவிட்டு உருளவிட்டாலும் கேட்காது. அக்சிலேற்றரை அமத்தினால் மட்டும் பின்சீற்றுக்குக் கீழிருந்து கணீரென்ற குரலில், "எங்கே என் வாள்? எங்கே என் வாள், மந்திரியே?" என்று இராகத்தோடு பாடும். இன்னும் அமத்தினால் இன்னும் உச்சத்தில் பாடும். அந்த மாதம் சூடை மீன் கிலோ அறுநூறு ரூபாய்க்குப் போனது; ஊரில் கூடுதலாகப் பேசப்பட்டது அதுதான்.

ஹயருக்குக் காசு கொடுத்து ஏறியவர்கள் முதலில் ரேடியோ என்று நினைத்தார்கள். பிறகு முப்பத்தைந்திலேயே போகச் சொன்னார்கள். பாலத்தடியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர்கள் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காரியத்தைக் கேட்டறிந்து, மூன்று தரம் டிக்கியைத் திறந்து வாள் தேடினார்கள். இல்லை என்று துண்டில் எழுதியும் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் விலகாமல் நடுவீதியில் படுத்திருக்கிற மன்னார்க் கழுதைகள், இந்தக் காரின் குரல் கேட்டதும் எழும்பி இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வழி விட்டன. அந்த அளவில் நன்மையும் இருந்தது.

ஆனால் சனிக்கிழமை சந்தியோகுவின் மகள் சுவேதினிக்கு வங்காலைக் கோவிலில் கலியாணம். வள்ளத்தை விற்று வாங்கிய அந்தக் காரில்தான் மகளைக் கொண்டுபோய் இறக்குவேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை றெனால்ட்டின் தாய் அன்ரோனெற் இதைக் கேள்விப்பட்டு போன் எடுத்தா. "கலியாணக் காரிலை வாள் கேக்கிறதோ சம்மந்தி? பொம்பிளையைக் கொண்டு வாறியளோ, சண்டைக்கு வாறியளோ? வியாழக்கிழமை நான் வந்து ஏறிப் பாப்பன். சத்தத்துக்கு ஒரு முடிவு காட்டேல்லையெண்டால், கலியாணம் அவன் கட்டாரிலை இருந்து வந்த பிறகு." றெனால்ட்டுக்குப் பத்து நாளில் பிளேன். போனால் மூன்று வருடம். சுவேதினி சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

மன்னார் ரவுணில் கராஜ் வைத்திருக்கும் ஸப்ராஸ், பேயென்று சொல்லுகிற ஆள் இல்லை. பெல்ற்றை மாற்றினான், கேட்டது. சில்லு பெயரிங்கைக் கழற்றிக் கிறீஸ் வைத்தான், கேட்டது. எஞ்சினைத் தாங்குகிற றப்பரை மாற்றினான். குரல் இன்னும் தெளிந்தது. நீட்டு ஸ்குறூ ட்றைவரின் ஒரு முனையை இரும்பிலும் மறு முனையைக் காதிலும் வைத்துப் பார்த்தபோது, உள்ளே மந்திரியைக் கூப்பிடுகிற ராசா தொண்டையைச் செருமிக்கொண்டது கேட்டது. கடைசியில் தானே டிக்கிக்குள் படுத்துக்கொண்டு, சந்தியோகுவைத் தலைமன்னார் வீதியில் எழுபதில் ஓடச் சொன்னான். எத்தனை தரம்தான் கேட்பது! பொறுக்கமாட்டாமல், "வாள் இல்ல மகராசா, ஸ்பானர்தான் இருக்கு, வேணுமா?" என்று கத்தினான். ராசா அதை ஏற்கவில்லை. ஆனால் சத்தம் வந்த இடம் பிடிபட்டது.

காரை ஜாக்கில் ஏற்றி, சைலன்சரின் ஓட்டையை மூடி அடித்திருந்த தகரத்தைத் தட்டிப் பார்த்தான். உப்புக்காற்றில் பழைய தகரம் இத்துப்போக, இரண்டு மாதத்துக்கு முன் அவனே அடித்த தகரம்.

"அண்ணே, இந்தத் தகரம் எங்க எடுத்தீங்க?"

"நீதானே தம்பி ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னனீ. அது என்ரை மார்புக் கவசம். கூத்திலை ராசாவுக்குக் கட்டினது."

விசயம் அதுதான். ஆறு வருடத்துக்கு முன் கீரியும் வங்காலையும் சேர்ந்து போட்ட கூத்தில் சந்தியோகு ராசா. அன்ரோனெற்றின் புருசன் அலெக்ஸாண்டர் மந்திரி. புனிதரின் தலையை வெட்ட ராசா வாள் கேட்கிற கட்டத்தில், பங்குனி மாதத்தில் வரக்கூடாத மழை வந்தது. மந்திரிக்கு வெளியில் காயப்போட்ட கருவாடு ஞாபகம் வந்தது. அவர் வாளோடு ஓடினார். ராசா முழங்கால் வெள்ளத்தில் நின்று பதினேழு தரம் கேட்டார். கூத்தில் கேட்டதற்கு மற்றவன் பாட்டில் பதில் கொடுக்காவிட்டால் கதை அடுத்த அடிக்குப் போகாது. சனம் போய்விட்டது, கேள்வி தகரத்தில் நின்றுவிட்டது.

ஸப்ராஸ் தகரத்தைக் கழற்றினான். கார் தண்ணிப் பம்பு மாதிரி இரைந்தது. தகரமும், வீதியில் லொறி வேகம் எடுக்கும்போதெல்லாம், கராஜ் நிலத்தில் கிடந்தபடியே வாள் கேட்டது. புதுச் சாமான் கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை என்றார்கள். அதனால் அதே தகரத்தைத் திருப்பி அடித்துவிட்டான்.

"கார்ல பிழை இல்லண்ணே. ராசாவுக்கு மந்திரி இல்லாததுதான் பிழை."

வியாழக்கிழமை அன்ரோனெற் குடையோடு முன்சீற்றில் ஏறினா. அலெக்ஸாண்டர் பின்சீற்றில் ஏறி, ஏறும்போதே வியர்த்தார். ஆறு வருடமாக அவர் சந்தியோகுவை நேரே பார்த்ததில்லை. சம்பந்தம் பேசியதுகூட முற்றத்து மாமரத்தைப் பார்த்துத்தான். பாலத்தில் ஏறியதும் சந்தியோகு மாதாவை நினைத்துக்கொண்டு காலை அமத்தினார். நாற்பதில் கார் கேட்டது. அன்ரோனெற் உதட்டைச் சுழித்தா. ஐம்பதில் கேட்டது. அறுபதில், கடலில் நின்ற நாரைகள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டது. அவ மெல்லப் பின்னால் திரும்பினா. அந்த மழையில் அந்தக் கருவாட்டை அள்ளியவ அவதான்.

"இஞ்சேருங்கோ, இது உங்களையெல்லோ கேக்குது. வாயிலை என்ன, அல்வாவோ? சொல்லித் துலையுங்கோ!"

அலெக்ஸாண்டர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்: "இந்தா உன் வாள், மகராசா! கருவாடு நனையக் கண்டு போனேன், பொறுத்தருள்வாய் மகராசா!" இரண்டாவது அடி கூத்துக் கொப்பியில் இல்லை. ஆனால் இராகம் பிழைக்கவில்லை.

 கார் வயிறு நிறைந்ததுபோல் பெரிய ஏவறை ஒன்று விட்டுவிட்டு, "பொறுத்தோம் மந்திரியே" என்று அடுத்த அடிக்குப் போனது. சந்தியோகுவுக்குப் பாதை கலங்கித் தெரிந்தது. வேகத்தை மட்டும் குறைக்கவில்லை.

"இப்ப சரி," என்றா அன்ரோனெற். "கேட்டதுக்கு மறுமொழி வந்திட்டுது. பொம்பிளையை எட்டு மணிக்குக் கொண்டு வாங்கோ. கழுதையள் நிக்கிற பக்கத்தாலை வாங்கோ, வடிவாயிருக்கும்."

கலியாணம் நடந்தது. அன்றிலிருந்து ராசா கேட்க, அலெக்ஸாண்டரின் குரலில் மந்திரியும் பதில் சொல்லுகிறார், இரண்டும் அந்தத் தகரத்திலிருந்துதான். பெற்றோல் கொஞ்சம் குறைவாகச் செலவாகிறது. ஒவ்வொரு தரம் ஸ்ராட் செய்யும்போதும் கூத்து வாளிலிருந்து தொடங்குகிறது. வங்காலை வரும்போது மந்திரியின் புத்திமதி முடியும், உயிலங்குளத்தில் புனிதரைக் கட்டிக் கொண்டுவருவார்கள். முருங்கன் சந்தியில் தலை வெட்டு. ஆனபடியால் சந்தியோகு முருங்கனுக்கு ஹயர் போவதில்லை, எவ்வளவு கொடுத்தாலும். புனிதர் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார்.