கோடு போட்ட பனியனுக்குள் ஒருத்தி

1

இருபத்துமூன்று வருடம் காப்பாற்றப்பட்ட ஒரு ரகசியத்தின் விலை ஐம்பது டாலர். அந்த விலைக்கு அதை விற்றவன் நான். ரகசியம் என்னுடையதல்ல. இந்தக் கதை பிறந்த விதம் இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைப்பதைவிட இது மலிவு.

காருக்குள் உட்கார்ந்தபடி படம் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகை ஒன்றின் மைதானத்தில், ஞாயிறுதோறும் கூடும் பழைய சாமான் சந்தையில் வளர்ந்தவன் நான். விலை படியாமல் எழுந்து நடக்கும் ஆளை எத்தனையாவது அடியில் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டேன். (ஏழாவது அடி. வயதானவர்கள் என்றால் நான்காவது.) அந்தப் படிப்போடு சினிமாவுக்கு நகைச்சுவை எழுதப் போனேன். ஒரு சிரிப்புக்கு ஐம்பது டாலர் என்று பேச்சு.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மாலிபு கடற்கரையில் அன்று சூரியன் —"

வேண்டாம். அது ஜூன் மாதம். ஜூனில் மதியம்வரை அங்கே மூடுபனி; சூரியன் வராது, படக்காரர்கள்தான் வருவார்கள்.

"மேவிஸ் ஹாலட் கண்ணாடியில் தன் முகத்தை —"

பொய். மேவிஸின் பட்டறையில் கண்ணாடியே கிடையாது.

"பழைய படத்தைக் கேலி செய்வதற்கு முதல் தகுதி, அதன் மேல் —"

இது கட்டுரை. ஆனாலும் இதில் கொஞ்சம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் எங்கள் ஊர்க் கடற்கரைகளில் ஒரு வகைப் படம் எடுத்துத் தள்ளினார்கள். பையன்களும் பெண்களும் மணலில் ஆடுவார்கள், அலைமேல் பலகையில் சறுக்குவார்கள், முத்தமிடுவார்கள். ஒருவருக்கும் அப்பா அம்மா கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. பள்ளிவிட்டு வந்து இவற்றையெல்லாம் டிவியில் பார்த்து வளர்ந்தவர் இயக்குநர் கார்டி ஃபிஸ்க். முப்பது வயதானதும், 1986இல், பழைய கதாநாயகனையே கூட்டிவந்து அந்தப் படங்களுக்கு உயிர்கொடுக்கவும் கேலி செய்யவும் கிளம்பினார். இரண்டையும் ஒரே மூச்சில்.

கேலிப்படம் என்பது பழைய பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மேசைமேல் வைக்கும் வேலை. கதாநாயகன் கடலிலிருந்து வருவார், தலைமுடி நனைந்திருக்காது: எழுதிக்கொண்டோம். மின்சாரக் கிதார் மணலில் செருகியபடியே பாடும்: எழுதிக்கொண்டோம். ஸ்டுடியோவில் பலகையை ஆணியடித்து நிறுத்தி, பின்னால் திரையில் அலையை ஓடவிட்டு, இரண்டு பேர் வாளியால் தண்ணீரை வீசுவார்கள். அதையும் செய்தோம்.*

* எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். அலை நிஜம்போலவே வந்துவிட்டது. கார்டி தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னொரு வாரம் செலவழித்து, திரையில் ஒரு மடிப்பு விழவைத்து வானத்தைக் கெடுத்தோம்.

ஒரு பொய் மட்டும் எங்களுக்கு அகப்படவில்லை. படம் முழுக்க வெற்று மார்போடு திரியும் கதாநாயகன், அலையில் ஏறும்போது மட்டும் ஏன் கோடு போட்ட பனியனை மாட்டிக்கொள்கிறார்?

3

படத்துக்குப் பழைய நீளப் பலகைகள் வாடகைக்கு வேண்டியிருந்தன. உடைந்த அலைச்சறுக்குப் பலகைகளை ஒட்டித் தரும் பெண்மணி மேவிஸ். வயது நாற்பது, கையெல்லாம் பிசின். நான் ஒரு விலை சொன்னேன், அவர் ஒரு விலை சொன்னார், நான் எழுந்து நடந்தேன். அவர் கூப்பிடவே இல்லை. பதினோராவது அடியில் நானே திரும்பினேன். ஆறு பலகைகள், அவர் சொன்ன விலை. போனால் போகிறதென்று கொசுறு ஏதாவது கொடுங்கள் என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒரு ரகசியத்தைக் கொடுத்தார். பனியனுக்குள் இருந்தது அவர்தான்.

கதாநாயகனுக்கு நீந்தத் தெரியாது. அவரளவு உயரத்தில், ஒட்ட வெட்டிய முடியோடு, அலையை அடக்கத் தெரிந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கிடைத்தாள். வெற்று மார்பு முடியாது, அதனால் பனியன். முகம் தெரியக் கூடாது, அதனால் கேமரா எப்போதும் பின்னால்.

கொசுறை நான் மறுநாளே கார்டியிடம் விற்றேன். காட்சி இப்படி: கதாநாயகன் அலைமேல் அற்புதமாகப் போகிறார், திரும்புகிறார், பார்த்தால் ஒட்டுமீசையோடு ஒரு நடுவயதுப் பெண். கார்டி நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தார்.

4

இங்கே கிப் லானிங் வரவேண்டும். பழைய கதாநாயகன், நாற்பத்தைந்து வயது. இந்தக் கதையின் முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். ("அவன் கண்களில் இருபத்துமூன்று வருடக் கள்ளம் —" அடித்துவிட்டேன்.) சரிப்படவில்லை. வில்லன் என்றால் ஏதாவது சம்பாதித்திருக்க வேண்டும். கிப், கார் விற்பனைக் கூடங்களைத் திறந்துவைத்தும், கோடு போட்ட பனியன்களில் கையெழுத்துப் போட்டும் பிழைத்தவர். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வசனம் படித்த அன்று என் காட்சிக்கு அறை சிரிப்பில் அதிர்ந்தது. கிப் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு என்னிடம் வந்து, மேவிஸின் பட்டறைக்கு வழி தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

கூட்டிப் போனேன். அவ்வளவு தூரமும் அவர் வானொலியைக்கூடப் போடவிடவில்லை.

5

கிப் வாசலிலேயே நின்றார். "சொல்லிட்டியே மேவிஸ்," என்றார்.

மேவிஸ் பார்த்தது என்னை. "பலகையோட சேர்த்துக் குடுத்தேன். அதைத் தனியாப் பிரிச்சு வித்துட்டியா?"

ஆமாம் என்றேன், ஒட்டுமீசைக் காட்சியையும் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"அவ்வளவுதானா," என்றார். உப்புத்தாளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பலகையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

[இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்பதாக ஐந்து விதமாக எழுதினேன். ஐந்தும் நன்றாக இருந்தன. நிஜத்தில் நான் செய்தது, பலகை ஆடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது மட்டும்.]

"தண்ணியில இறங்கினதே இல்லன்னு தெரிஞ்சா, எனக்குன்னு என்ன மிச்சம்?" என்றார் கிப்.

"எனக்கு என்ன மிச்சம்னு எப்பவாச்சும் கேட்டியா?"

அந்த வருடமே கடற்கரைப் பையன்களிடம் தான் சொல்லிப்பார்த்ததை மேவிஸ் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. பொழுது சாயும்வரை சிரித்தார்கள். அடுத்த இரண்டு வருடம் அவரைக் கண்டாலே "கிப், கையெழுத்துப் போடு" என்று கத்தினார்கள்.

"இவன் எழுதியிருக்கிறதும் அதே சிரிப்புதான். மீசை மட்டும் புதுசு," என்றார்.

கிப் உள்ளே வந்தார். கவிழ்ந்து கிடந்த ஒரு பிசின் டப்பாமேல் உட்கார்ந்தார்.

"அப்ப நான் தினம் வந்தேன், தெரியுமா? மேல ரோட்டுல வண்டிக்குள்ள உக்காந்து பார்ப்பேன். நீ திரும்புறப்ப சுண்டுவிரல் மட்டும் தனியா நிக்கும். ஸ்டுடியோவில நானும் அப்படியே நிக்கலைன்னா ரெண்டும் ஒட்டாதுல்ல. வீட்டுல பழகிட்டு வருவேன்."

தேய்க்கும் சத்தம் நின்றது.

"தியேட்டர்ல பார்த்தேன் அதை," என்றார் மேவிஸ். "திருடிட்டான்னு நினைச்சேன்."

"திருடத்தான் செஞ்சேன்."

மேவிஸ் உப்புத்தாளைக் கீழே வைத்தார். பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னார். காட்சி இருக்கட்டும், தானே நடிப்பார். மீசை கூடாது. கேமரா முன்னாலிருந்து பார்க்க வேண்டும். பலகையை அலைக்குள் தள்ளிவிடுவது கிப்பாக இருக்க வேண்டும்.

எவ்வளவு ஆழம் என்று கேட்டார் கிப். இடுப்புவரை என்றார் மேவிஸ். கிப் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் சந்தையில் அதற்குப் பெயர் படிந்த வியாபாரம்.

கார்டிக்குத்தான் பிடிக்கவில்லை. "யோவ், நல்லாத்தான் இருக்கு. இதுல சிரிப்பு எங்க?" என்றார். படப்பிடிப்புக்குள் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பத்து நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

6

முடிவு ஒன்று: பத்தடி அலை எழுகிறது, மேவிஸ் அதன் தோளில் பறக்கிறார், கரை முழுக்கக் கைதட்டல். பழைய படங்கள் இப்படித்தான் முடியும். இதை எழுத எனக்குக் கால்மணி நேரம் போதும்.

முடிவு இரண்டு: கிப் வரவே இல்லை. மேவிஸ் காத்திருந்துவிட்டுப் பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். இதை இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். கசப்பாக, கச்சிதமாக வந்திருக்கிறது. பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஒரே குறை, கிப் வந்துவிட்டார்.

நான் பார்த்தது இது. மூடுபனி. அலை முழங்காலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கரையில் துணைநடிகர்களாக நாற்பது இளவட்டங்கள், குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு. கிப் தண்ணீரில் இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. பல் கிட்டிப்போயிருந்தது. ஒரு சின்ன அலை மார்பில் மோதித் தலைமேல் தெறித்து, அவர் முடி கேமரா முன்னால் முதல் தடவையாக நனைந்தது. முதல் தள்ளலில் பலகை கோணலாகப் போய் மேவிஸ் விழுந்தார். இரண்டாவதிலும் விழுந்தார். கார்டி கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது அலையில் மேவிஸ் எழுந்து நின்றார். கரையைப் பார்த்து, கேமராவைப் பார்த்துத் திரும்பினார். பனியனுக்கு மேலே ஒரு முகம்: நாற்பது வயது, உப்புநீரில் கண் சுருங்கி, தயாராக. சிரிப்பு வரப்போகும் இடம் எது என்று காத்திருக்கும் முகம். பதினேழு வயதிலும் அது அப்படித்தான் காத்திருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது கிப், பயத்தை மறந்து, வசனத்தில் இல்லாத ஒன்றைக் கரையில் நின்ற இளவட்டங்களைப் பார்த்துச் சொன்னார்.

"பாருங்கடா. நான் எவ்வளவு அழகா ஓட்டுறேன்னு பாருங்க."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். கார்டி கேமராக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அலைமேல் இருந்த மேவிஸுக்கும் அது கேட்டது. அவரும் சிரித்தார், அதனாலேயே தடுமாறி விழுந்தார். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை. கிப்பின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அல்லது கிப் அவருடையதை.

(அந்தச் சிரிப்பு என்னுடையதல்ல. அதற்கு நான் காசு கேட்கவும் இல்லை. என் வாழ்க்கையில் இப்படி எழுதுவது இதுவே முதல் தடவை.)

7

இங்கே நான் முடிக்க முடியாது, ஏனென்றால் படம் இன்னும் வெளிவரவில்லை. காட்சி இழுக்கிறது என்கிறது பணம் போட்ட அலுவலகம். கார்டி சண்டை போடுகிறார். படத்தொகுப்பு அறைக்கு நான் வாரந்தோறும் போய், ஏதோ அந்தப் பக்கம் வந்தவன்போல நின்று, எத்தனை வினாடி மிச்சமிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருகிறேன்.

கேட்டதை மேவிஸிடம் போய்ச் சொல்வேன். போன தடவை, "இருக்கட்டும். நான் எங்கயும் போயிடல," என்றார். கிப்புக்கு இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பதால் நின்று பேச நேரமில்லையாம்.

படம் வரும்போது பார்ப்பவர் நீங்கள். அந்த இடம் வந்ததும் கொட்டகை சிரிக்குமா, எப்படிச் சிரிக்கும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. முடிவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது கணக்கு மட்டும்.

பழைய படத்தில் மேவிஸின் முதுகு: பதினோரு நிமிடம்.
பழைய படத்தில் மேவிஸின் முகம்: இல்லை.
புதிய படத்துக்காக எடுத்த முகம், விழுந்ததையும் சேர்த்து: ஒன்பது வினாடி.
போன வெள்ளிக்கிழமைவரை வெட்டுப்படாமல் நிற்பது: ஆறு வினாடி.
அவருக்கு இன்னும் வரவேண்டியது: பத்து நிமிடம், ஐம்பத்துநான்கு வினாடி.