ஆபீசுக்குப் போன மண்

“கடைமடை வயல்ல என் பங்கு எனக்கு வேணும்.”

அவள் கேட்டதும் முற்றத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கும் சத்தம் நின்றது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ‘படிக்க வெச்சதுதான் உன் பங்கு. வேற எதையும் வாய்விட்டுக் கேட்டுடாதே’ என்று அவளைக் கல்லூரியில் சேர்த்த அன்றே அம்மா சொல்லியிருந்தாள்.

“மண்ணைப் படிச்சவ மண்ணைத்தானே கேப்பா,” என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். “அதைச் செங்கல் சூளைக்காரர்கிட்ட பேசியாச்சு. மேல்மண்ணை வெட்டிக்கட்டும். உன் கையெழுத்துதான் பாக்கி.”

“மேல்மண்ணு போயிட்டா அங்க எதுவும் வெளையாதுண்ணே.”

“இப்ப மட்டும் வெளைஞ்சு கிழிச்சுதா? உப்புப் பூத்த நெலத்தை நல்ல மண்ணுன்னு சொன்னது யாரு? அதை நம்பித்தானே மனுசன் நாத்து நட்டாரு. அத்தனையும் கருகினதைப் பாத்துட்டு வந்து படுத்தவருதான்.”

அவள் வேலை செய்யும் மண் பரிசோதனை நிலையத்தில், அப்பா கொடுத்தனுப்பிய சாம்பிளை அவளேதான் சோதித்தாள். உப்பு குறைவு, தழைச்சத்து தாராளம். ‘உங்கப்பா பொன்னு வெளையிற பூமியில்ல வெச்சிருக்காரு’ என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னபோது பூரித்துப்போனாள். பயிர் கருகியதும் போனில் கத்தினாள்: ‘மண்ணுல குத்தமில்லப்பா. உங்களுக்குத்தான் வெவசாயம் தெரியல.’

‘சரிம்மா. சாப்ட்டியா?’ என்றார் அப்பா. அதுதான் கடைசி.

“சாம்பிள் நல்லாத்தாண்ணே இருந்துச்சு.”

“அது அந்த வயல் மண்ணே இல்லடி,” என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி. “எருக்குழி ஓரத்துல எடுத்தாரு. நீ சொன்ன மாதிரியே வெட்டி, வேரெல்லாம் பொறுக்கி, நெழல்ல காயவெச்சுச் சலிச்சாரு. ஏங்க இங்க எடுக்குறீங்கன்னு கேட்டேன். பொண்ணு ஆபீசுக்குப் போற மண்ணு, நாலு பேரு பாப்பாங்க, கேவலமா இருந்தா புள்ளைக்குத் தலைகுனிவுன்னாரு.”

எருக்குழிப் பக்கம் எடுக்காதீங்க, வரப்போரம் எடுக்காதீங்க என்று வருகிற ஒவ்வொரு விவசாயியிடமும் சொல்பவள் அவள். எங்கே எடுத்தீர்கள் என்று அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை.

“தெரிஞ்சுமா நட்டாரு?”

“நீ அவ்வளவு சந்தோஷமா சொன்னே. நடாம விட்டா உன் பேச்சு பொய்யாயிடுமாம்.”

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நாற்காலிக்காரர்கள் சத்தமில்லாமல் அடுக்கத் தொடங்கினார்கள்.

அவள் கொல்லைப்புறம் போய் மண்வெட்டியையும் ஒரு வாளியையும் எடுத்து வந்தாள்.

“கையெழுத்துப் போட மாட்டேன்.”

“இன்னிக்கேவாம்மா?” என்றார் சித்தப்பா. குரல் இறங்கியிருந்தது.

அவள் படியிறங்கி, வறண்டு கிடந்த வாய்க்காலைத் தாண்டினாள். வரப்பில் நிற்காமல் நடு வயலை நோக்கி நடந்தாள். வெறுங்காலடியில் வெள்ளைப் பொருக்கு நொறுங்கிக்கொண்டே வந்தது.