கண்ணை மூடிக்கொண்டு ஏறிய கோபுரம்

1. இரண்டு கோபுரங்கள்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு பயணப் பத்திரிகைக்காரர் 'பொலோஞா நகரில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று கட்டுரை கேட்டார். எண் போட்டு எழுதுங்கள், வாசகர்களுக்கு வசதி என்றார். இத்தனை வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறவன் இதுகூட எழுத மாட்டேனா என்று உட்கார்ந்தேன். எண் ஒன்று, இரண்டு கோபுரங்கள். அவற்றில் உயரமானதன் உச்சியிலிருந்து பார்த்தால்

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். அதை முடிக்க எனக்கு வக்கில்லை. நான் அந்தக் கோபுரத்தில் ஏறியதே கிடையாது. இங்கே படிக்கிறவன் பட்டம் வாங்குவதற்கு முன்னால் அதில் ஏறினால் ஆயுசுக்கும் பட்டம் கிடைக்காது. இது ஊருக்கே தெரிந்த விஷயம். படிக்க வந்த எனக்கு இன்னும் ஒரு பரீட்சை பாக்கி. சிரிக்காதீர்கள். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற கூட்டம்தானே நாமும்?

ஆகவே என்னைவிட மோசமாக மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். எண்களை மட்டும் பத்திரிகைக்காரருக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

2. மொரேனா

'மொரேனா சன்னலருகே நின்று மழையை வெறித்தாள்.'

அடித்துவிட்டேன். சன்னலருகே நின்று வெறிக்கிற ரகமே இல்லை அவள். வெளியூர்க்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். ஐம்பத்தெட்டு வயதிலும் சந்தைக்கடைச் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல். தினமும் ஒரு கூட்டத்தைக் கோபுர வாசலுக்கு இட்டுவருவாள், சீட்டு வாங்கிக் கொடுத்து மேலே அனுப்புவாள், கீழே கல்லில் உட்கார்ந்து ஒரு பீச் பழம் தின்பாள். நீங்கள் வரவில்லையா என்று யாராவது கேட்டால் முட்டிவலி என்பாள். வலியாவது ஒன்றாவது! மலைமேல் இருக்கிற மாதா கோயிலுக்கு ஒரே மூச்சில் ஏறுகிறவள் அவள்.

வாலிப வயதில் சரித்திரம் படித்தாள். ஆய்வேடு ஒன்றுதான் மிச்சம். அப்போது அப்பா படுக்கையில் விழுந்தார், பிறகு கல்யாணம், பிறகு பிள்ளை. ஆய்வேடு அப்படியே கிடந்தது. போன வருஷம்தான் யாருக்கும் சொல்லாமல் மறுபடி பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தாள். தெரிந்தவள் நீவெஸ் ஒருத்திதான். என் வீட்டுக்குக் கீழே கடை வைத்து, தன் உயரத்துக்கு ஒரு கட்டையால் மாவு தேய்த்து, தொர்தெல்லினி என்கிற குட்டிக் கொழுக்கட்டைகளை மடிக்கிறவள் அவள். அவளுக்குத் தெரிந்ததால் எனக்கும் தெரிந்தது, தெருவுக்கும் தெரிந்தது.

ஆய்வேட்டின் பொருள் என்ன தெரியுமா? அந்தக் கோபுரத்தின் அடிவாரத்தில் பழைய காலத்தில் தங்கியிருந்த காவலாளிகள். அடிவாரம் மட்டும். ஒரு படி மேலே போகவில்லை.

(படித்தவள் இதையெல்லாம் நம்புவாளா, பாத்திரம் நம்பும்படி இல்லையே என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவளையே கேட்டேன். "நம்புறதெல்லாம் இல்லப்பா. எதுக்கு வீண் வம்பு?" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.)

3. படிக்கட்டு

ஆய்வேட்டைப் பேராசிரியர்கள் முன்னால் பேசி ஜெயிக்க வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் அது. ஹாலந்திலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. எல்லோரும் கோபுரம் ஏறி இறங்கிவிட்டார்கள், ஹென்னி மட்டும் வரவில்லை. ஹென்னி நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், நெடுநெடுவென்று உயரம். பாதிப் படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், ஏறவும் மாட்டேன் என்கிறாள், இறங்கவும் மாட்டேன் என்கிறாள் என்று இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். சீட்டுக் கொடுக்கிறவன் வாசலை விட்டு நகர முடியாது. அவன் மொரேனாவைப் பார்த்தான்.

(இந்த இடத்தில் தீயணைப்புக்காரர்களை வரவழைத்து ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். எல்லோருக்கும் சௌகரியமான கதை. மொரேனாவிடம் வாசித்துக் காட்டியபோது முறைத்தாள். "நான் கூட்டிட்டு வந்தவளை நான்தான் கூட்டிட்டு வரணும்," என்றாள். கிழித்துப் போட்டேன்.)

ஏறினாள். பாதியில் திரும்பிவிட்டால் ஏறினதாகாது என்று மனசுக்குள் கணக்கு. உள்ளே இருட்டு. மரப்படிகள் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தன. ஹென்னி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். திரும்பினால் கீழே கிடக்கிற பள்ளம் தெரிகிறது, திரும்ப முடியாது என்று அழுதாள்.

இத்தனை வருஷ அனுபவத்தில் மொரேனாவுக்கு வழி சட்டென்று தெரிந்தது. ஏறும்போது கண்ணில் படுவது அடுத்த படி மட்டும்தான். மேலே போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பயம் தெளிந்த பிறகு படியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கிவிடலாம். ஆனால் உச்சிக்குப் போய்விட்டால் அது ஏறினதாகிவிடும். முப்பது வருஷக் காத்திருப்பு, அடுத்த வாரம் பட்டம். இந்தப் பொம்பளைக்காக அதைத் தொலைப்பதா?

கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மேலே ஏறினார்கள்.

கடைசிப் படியில் மொரேனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பார்க்காவிட்டால் ஏறினதில் சேராது. அந்தச் சட்டத்தை அங்கேயே, அப்போதே இயற்றியவள் அவள்தான்.

4. உச்சி (கேட்க வேண்டிய இடம்)

மேலே காற்று பட்டதும் ஹென்னிக்கு உயிர் வந்தது. பார்த்தால், காப்பாற்ற வந்தவள் கண்ணை மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்களுக்கும் பயமா என்று கேட்டாள். மொரேனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஹென்னி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் தோளைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டாள்.

"சரி, நான் சொல்றேன், நீங்க கேளுங்க. பக்கத்துல சாஞ்சு நிக்குதே குட்டைக் கோபுரம், அதோட தலை நமக்குக் கீழே தெரியுது. தெருவெல்லாம் நம்ம காலடியிலேர்ந்து விசிறி மாதிரி பிரிஞ்சு, ஒவ்வொண்ணும் ஊர் மதில்ல ஒரு வாசல் வரைக்கும் போகுது. மலைமேல ஒரு கோயில், அதுக்கு ஏறிப்போற வளைவு வளைவான மண்டபப் பாதை முழுசாத் தெரியுது. ஒரு மொட்டை மாடியில பனியன் போட்ட கிழவர் தக்காளிக்குத் தண்ணி ஊத்துறாரு. வடக்கே ஒரே சமவெளி, அப்படியே எங்க ஹாலந்து மாதிரி."

ஆயுசெல்லாம் அடுத்தவர்களுக்கு இதைப் பார், அதைப் பார் என்று சொன்னவள், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிய நின்று கேட்டாள். தன் ஊரை அவளுக்கு யாரும் அதுவரை காட்டியதில்லை.

இறங்கிய கையோடு சேதி நீவெஸ் கடைக்குப் போய்விட்டது.

"ஏண்டி, ஏறிட்டியாமே?"

"கண்ணை மூடிட்டுத்தான்."

"ஓரக்கண்ணால கூடப் பாக்கலையே?"

"சத்தியமா இல்ல."

"அப்போ சேராது. எவளாவது சேரும்னு சொன்னா என்கிட்ட அனுப்பு," என்றாள் நீவெஸ். அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு மாதா கோயிலில் போய் மெழுகுவர்த்தியும் ஏற்றினாள்.

5. பல்கலைக்கழக மண்டபம் (கூரை ஓவியம் அழகு, நான் பார்க்கவில்லை)

எப்படிப் பார்ப்பது? பின் பெஞ்சில் நீவெஸ் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் பேராசிரியர் வரிசை, நடுவில் குவாலாந்தி அம்மாள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் கேட்ட கேள்வி இது. கலகம் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று தெரியாதபோது, காவலாளிகளை ஏன் கோபுரத்தின் காலடியில் தங்கவைத்தார்கள்?

ஆய்வேட்டில் அதற்குப் பதில் இல்லை. மொரேனா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, என்னையறியாமல் நான் எழுந்து நின்றுவிட்டேன், அப்படிப் பேசினாள். மேலே நிற்கிறவனுக்கு ஒவ்வொரு தெருவும் ஊர் வாசல் வரைக்கும் தெரியும். அவன் வாசல் பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் போதும். எல்லாத் தெருவும் அந்தக் காலடியில்தானே தொடங்குகிறது? எந்த வாசலுக்கும் அங்கிருந்து நேராக ஓடலாம்.

குவாலாந்தி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க ஆய்வேட்டுல இல்லையே. மேல ஏறினீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

"ஏறினேன்மா. கண்ணை மூடிட்டு ஏறினேன்."

யாரும் சிரிக்கவில்லை. மிலானிலிருந்து வந்த ஓர் இளம் பேராசிரியர் மட்டும் விழித்தார், அவர் காதில் பக்கத்திலிருந்தவர் விஷயத்தை ஓதினார். மற்ற எல்லோரும் இந்த ஊரில் படித்தவர்கள். தலைகளைச் சேர்த்துக்கொண்டு ரொம்ப நேரம் குசுகுசுத்தார்கள்.

"முழுசா மூடியிருந்தீங்களா?" என்று அம்மாள் கேட்டார்.

"முழுசா."

"அப்போ அது ஏறினதாகாது. மேல பேசலாம்."

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது பேராசிரியர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முழு மதிப்பெண், அதற்கு மேல் சிறப்புப் பாராட்டு. பட்டம் வாங்கினவர்களுக்கு இங்கே சூட்டுகிற லாரல் இலைக் கிரீடத்தை நீவெஸ்தான் வைத்தாள், கோணலாக வைத்தாள். ஜெயித்துவிட்டாள் என் மொரேனா! நான் போட்ட சத்தத்தில் மண்டபக் காவலாளி எட்டிப் பார்த்தான்.

6. முடிவு

கிரீடத்தோடு நேரே கோபுரத்துக்குத்தான் நடந்தாள். சீட்டுக்காரன் எழுந்து நின்று வழிவிட்டான். தனியாக ஏறினாள்.

'கண்ணைத் திறந்தபோது ஊர் மொத்தமும்'

'முதல் தடவையாக அவள்'

இல்லை. நான் மேலே இல்லை, எழுத மாட்டேன். கீழே நின்றவர்களுக்கு அண்ணாந்து பார்த்ததில் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம்.

இறங்கி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஹென்னி சொன்னதுல ஒண்ணு தப்புடி," என்றாள்.

எது என்று நீவெஸ் பதறினாள். "சொல்ல மாட்டேன். பட்டம் குடுத்தாச்சு, இனி எவனும் பிடுங்க முடியாது," என்றாள் மொரேனா.

அன்றைக்கு ராத்திரி ஒயின் ஊற்றிக்கூடக் கேட்டோம். கோப்பையை மறுபடி நீட்டினாள், அவ்வளவுதான். தப்பு கிழவரா, மண்டபமா, இல்லை பட்டமே வாங்கிக்கொடுத்த அந்தத் தெருக்களா? கதையை எங்கே முடிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

உங்களுக்கு இந்த ஊரில் பரீட்சை ஏதும் பாக்கியில்லையே? கோபுரம் திறந்திருக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். கண்ணைத் திறந்துகொண்டு ஏறி, ஹென்னி சொன்னதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் மொரேனாவைக் கேட்கலாம். அவளை வாசல் கல்லில் தேட வேண்டாம். இப்போதெல்லாம் தன் கூட்டத்துக்கு முன்னால் அவள் ஏறிவிடுகிறாள், மேலேதான் இருப்பாள்.