மீதி முப்பது விநாடி

நார்பர்ட்டின் வலது கை முப்பத்தொரு ஆண்டுகளாக மேலே தூக்கியபடியே இருக்கிறது. அவன் எங்கள் டிரம்மர். அடிப்பதற்காகத் தூக்கினான். அதற்குள் பாட்டு நின்றுவிட்டது.

இதனால் அவனுக்குப் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அலுவலகக் கூட்டத்தில் ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணக் கோட்டுக்கு மட்டும் ஒரு தோளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

எங்கள் குழுவின் பெயர் அடைப்பு. 1993இல், எனக்குத் தெரிந்து, திருச்சியில் பங்க் என்னும் முரட்டு ராக் இசை வாசித்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நார்பர்ட்டின் சித்தப்பா கப்பலில் சமையல்காரர். அவர் கொண்டுவந்த கேசட் ஒன்றுதான் எங்கள் கல்வி. அட்டை இல்லை, பெயர் இல்லை. பதிவின் பதிவின் பதிவு அது. பாட்டுக்குப் பின்னால் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்தோம். பாடகன் ஹாஜா முகைதீன் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு ‘உஸ்ஸ்’ என்பான். மூச்சுமுட்டி இரண்டு தடவை விழுந்திருக்கிறான். வெளியூர்க்காரர்களுக்கு எப்படித்தான் முடிகிறதோ என்று வியந்திருக்கிறோம்.

நான் ஹவாயன் கிதாரில் இரண்டு கம்பி மட்டும் கட்டி பேஸ் வாசித்தேன்.

எங்களுக்கு ஒரே ஒரு கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடைசிப் பாட்டு ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஒரு நிமிடம் பத்து விநாடியில் நின்றுவிட்டது. மீதி முப்பது விநாடியை வந்து முடித்துக்கொடுக்கும்படி போன வாரம் மூவருக்கும் கடிதம் வந்தது.

ஹாஜா போன் செய்தான். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான்.

“ரத்தினம், வந்துடுடா. நார்பர்ட் கைக்கு டாக்டர் கெடு வச்சிட்டாரு. இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எறங்கலைன்னா அப்புறம் எறங்காதாம்.”

“வர்றேன்.”

“போன தடவை மாதிரி கரண்ட் போகாம இருக்கணும்.”

நான் போனை வைத்துவிட்டேன்.

அரங்கம் அதேதான். வாசலில் வரிசை நின்றது. அன்று கச்சேரிக்கு வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அன்று வந்திருந்ததாகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பதினோராயிரம் பேர். எல்லோருமே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்களாம்.

வாசலில் இருந்தவர் என்னை நிறுத்தினார்.

“அன்னைக்கு இருந்தீங்களா?”

“நான் வாசிச்சேன்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கடைசியில போய் நில்லுங்க.”

கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் அன்று நான் செய்த பிழைகளை எல்லாம் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாகத்தான் சொன்னார். நடைவழி நீண்டுகொண்டே போனது. நடுவில் அதற்கு ஒரு பேருந்து விட்டார்கள். அதில் ஏறித்தான் மேடைக்குப் போனேன்.

மேடையில் நார்பர்ட் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கை மேலே இருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. என்னைப் பார்த்து இடது கையால் சல்யூட் அடித்தான். அவனிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு நீ சொன்னியே எலக்ட்ரீஷியன், அவரு இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காரு. பாவம்டா” என்றான் ஹாஜா.

சுவரோரமாக, பிளக் போர்டின் முன் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை. காலரில் கிழிசல். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை.

அவர் என் அப்பா. இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த வேலைக்கு மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று என் சட்டையும் கிழிந்திருந்தது. புதுச் சட்டை. பிளேடால் நானே கிழித்து, அம்மாவின் ஊக்கை எடுத்துக் கோத்திருந்தேன். இந்த உலகத்தில் எதற்கும் யாருக்கும் நான் வெட்கப்பட மாட்டேன் என்பதுதான் பாட்டு. எழுதியதும் நான்தான். ஒரு நிமிடம் பத்தாவது விநாடியில் அப்பா வாசலில் வந்து நின்றார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராக வந்திருந்தார். பையன் கிழிந்த சட்டையோடு மேடை ஏறியிருக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார். முதல் வரிசையில் கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுவர் பிளக்கின் வயர் என் காலடியில் கிடந்தது. காலால் இழுத்துப் பிடுங்கிவிட்டேன்.

கரண்ட் போயிடுச்சு என்றேன். ஒருவர் முன்னால் வருவதைப் பார்த்து, யாருடா இவரு என்று ஹாஜா கேட்டான். நா கூசாமல் சொன்னேன், எலக்ட்ரீஷியன் என்று. அப்பாவின் காதில் விழுந்தது. ஒரு கணம் நின்றார். பிறகு போய் பிளக் போர்டின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் காது மடல் சுடுகிறது.

மேடை ஓரத்தில் மேசை போட்டு ஒரு அம்மையார் உட்கார்ந்திருந்தார். அரைகுறைப் பாட்டுகளுக்கான அலுவலர். படிவத்தைத் திறந்தார்.

“பாட்டு ஏன் நின்னுச்சு?”

“கரண்ட் கட் மேடம்” என்றான் ஹாஜா.

“ஃபேன் ஓடிச்சா?”

நார்பர்ட் தன் கையை அண்ணாந்து பார்த்தான்.

“ஓடிச்சு மேடம். என் கைக்கு நல்லா காத்து வந்துச்சு.”

“அப்ப கரண்ட் இருந்திருக்கு. பிளக்கைப் புடுங்கினது யாரு?”

“நான்” என்றேன். இது சொல்லக் கடினமாக இல்லை.

“தெரியும்” என்றான் நார்பர்ட். “உன் காலு பக்கத்துலதானே வயரு கெடந்துச்சு.”

“ஏன்டா கேக்கல?”

“நீயே சொல்லுவன்னு இருந்தேன்.”

அவன் நெற்றியில் வியர்வை வடிந்தது. துடைக்க எழுந்த ஹாஜாவை, அலுவலர் உட்காரச் சொன்னார்.

“எலக்ட்ரீஷியன் எத்தனை மணிக்கு வந்தாரு?”

“பாட்டு நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“கரண்ட் போனப்புறம்தானே எலக்ட்ரீஷியன் வரணும். முன்னாடியே ஏன் வந்தாரு?”

அலுவலர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். வேலை முடிந்ததாக எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட வேண்டும். அதன் கீழே ஒரு கட்டம். எலக்ட்ரீஷியனுக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு.

“அதை நிரப்பினாத்தான் பாட்டு. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவோம்.”

மேடையிலிருந்து சுவருக்குப் பத்தடி. நடந்தேன். நடக்க நடக்கப் பத்தடி மீதமிருந்தது. வழியில் இரண்டு முறை சாப்பிட்டேன். ஒரு முறை சவரம் செய்துகொண்டேன். பின்னால் நார்பர்ட் முனகுவது மட்டும் அதே தூரத்தில் கேட்டது. போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது.

அப்பா வந்த நாளின் வயதிலேயே இருந்தார். நாற்பத்தாறு. என்னைவிட நான்கு வயது சிறியவர். கெட்டுப்போகாத பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எப்போதோ முடிந்துவிட்ட வேலை அது. முடிந்தது என்று சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் யார் என்று கேட்பார்கள்.

“வாங்க சார்” என்றார்.

“அப்பா” என்றேன்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

“யாரைக் கூப்புடுறீங்க சார்?”

நான் படிவத்தில் எழுதினேன். தந்தை. எழுதியது போதாது என்று தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்தான், எடுத்துக் காட்ட வேண்டியவனும் நான்தான். பதினோராயிரம் பேரைப் பார்த்துத் திரும்பினேன். சத்தமாகவே சொன்னேன்.

“இவரு எலக்ட்ரீஷியன் இல்ல. எங்க அப்பா. பேரு அங்கமுத்து. ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். சட்டை அழுக்கா இருந்துச்சுன்னு நான் மறைச்சுட்டேன்.”

ஹாஜா மைக்கைக் கீழே வைத்தான். பதினோராயிரம் பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் நான்கு பெண்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அலுவலரைக் கும்பிட்டார்.

“இல்லீங்கம்மா. சார் ஏதோ நெனப்புல பேசுறாரு. நான் கரண்டு வேலைக்கு வந்தவன். இவரை எனக்குத் தெரியாதுங்க.”

“நிச்சயமா?”

“ஆமாங்கம்மா. பெரிய எடத்துப் புள்ள மாதிரி இருக்காரு. எனக்கு எப்படிங்க தெரியும்?”

அலுவலர் நான் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தார். உறவு ஏதுமில்லை என்று எழுதினார். அப்பா அதன் கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்தார்.

நான் நகரவில்லை. அப்பா வயரைச் சரிசெய்வதுபோல் என் பக்கம் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

“எல்லாரும் பாக்குறாங்க. அழுவாத. போய் வாசி.”

பிளக்கைச் சொருகினார்.

நார்பர்ட்டின் கை இறங்கியது. முப்பத்தொரு ஆண்டுகளின் எடையோடு இறங்கியது. டிரம்மின் தோல் கிழியவில்லை. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே அடித்தான். ஹாஜா எதற்கும் வெட்கப்பட மாட்டேன் என்று கத்தினான். நடுவில் ‘உஸ்ஸ்’ என்றான். பதினோராயிரம் பேரும் எழுந்து கூடவே கத்தினார்கள்.

கிதார் என் கையில் இருந்தது. அப்பா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். யார் மீதும் கிரீஸ் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி வாசல் பக்கம் போனார். நான் நிறுத்தினால் நார்பர்ட்டின் கை மறுபடியும் மேலே நின்றுவிடும். பதினோராவது விநாடியில் அப்பா வாசலைத் தாண்டினார். மீதிப் பத்தொன்பது விநாடியையும் பிசகில்லாமல் வாசித்தேன்.