பெயர் தெரியவில்லை

அருங்காட்சியக வடிவமைப்புப் பாடத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து இருபது கட்டடக்கலை மாணவர்கள் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் வேளாண் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தார்கள். படங்கள் என்ன உயரத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று அளந்து குறிப்பது வேலை. டேப்பைச் சுவரில் வைத்த மதிவதனி அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் பருத்திக் காட்டில் நான்கு பெண்கள். இரண்டாவது ஆள் அவளுடைய அம்மா மாசாணியம்மாள்.

'கூலிப் பெண்கள், 2001. பெயர் தெரியவில்லை' என்று கீழே எழுதியிருந்தது.

பக்கத்துப் படத்தில் ஒரு ஜோடி காளைகள். 'ராசா, மந்திரி.'

அவளுக்குக் காது மடல் சுட்டது. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள். பெருந்துறை பனியன் கம்பெனியின் இரைச்சலுக்கு நடுவே அம்மா கத்தினாள்: "ஏன் தெரியாதாமா? நானு, ராமாத்தா, கருப்பாத்தா, பல்லடத்துல இருக்கற எஸ்தரு. நாலு பேரும் உசுரோடதான இருக்கறோம் கண்ணு!"

பெயர்களை எழுதி மேலாளர் சுரேந்தரிடம் நீட்டினாள்.

"கமிட்டில வெச்சுத்தானுங்க மாத்த முடியும்" என்றார் அவர்.

"மாட்டுப் பேரையும் கமிட்டில வெச்சுத்தான் எழுதுனீங்களா?"

"புள்ள கேக்கறது நியாயந்தானுங்களே" என்றார் கூட வந்திருந்த பேராசிரியர் முகமது யூசுப். மனு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று அடுத்த ஞாயிறு நான்கு பெண்களும் மதிவதனியோடு வந்து, டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். அந்த இடத்தில் வெறும் ஆணிதான் இருந்தது. வீண் பிரச்சினை வேண்டாமென்று கழற்றிவிட்டார்களாம். காளைகளை மட்டும் யாரும் தொடவில்லை.

நான் வாயைத் திறந்ததால் இருந்த படமும் போயிற்றே என்று மதிவதனிக்கு ஆத்திரம் வந்தது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டு சுரேந்தரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் காட்டுல வெயில்ல வெந்தது நாங்க. எங்க மூஞ்சி இங்க இருந்தா உங்களுக்கு என்னங்க பிரச்சினை? எடுத்துட்டு வாங்க. மாட்டற வரைக்கும் போகமாட்டமுங்க."

நால்வரும் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்று விசாரித்தார்கள்; விவரம் தெரிந்ததும் அவர்களும் சுரேந்தரைக் கேள்வி கேட்டார்கள். மூன்று மணிவாக்கில் அவரே படத்தைத் தூக்கி வந்து மாட்டினார். பெயர் அட்டை பிறகு அச்சடித்து வைப்பதாகச் சொன்னார்.

மதிவதனி காத்திருக்கவில்லை. வெள்ளை அட்டையில் நான்கு பெயரையும் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

எஸ்தர் கிட்டே போய்ப் படித்தாள்.

"எம்பேருக்கு முன்னால இனிஷியல் போடு கண்ணு."