மோட்டார்காரர் வீட்டு ஜன்னல்

"ஒரு மைல்னு சொன்னே—"

"முக்கா மைல்னுதான் சொன்னேன், நீதான் காதுல—"

"முக்கா மைலா இது? என் செருப்பைக் கேளு, அது சொல்லும்."

"கழட்டிட்டு நடன்னு அப்பவே—"

"மணல் சுடுது. கழட்டிட்டு நடக்கணுமாம்."

பேருந்து இறக்கிவிட்ட நிமிஷத்திலிருந்து அக்காவும் தங்கையும் இப்படித்தான், ஒருத்தி பேச்சை மற்றவள் மிதித்துக்கொண்டு வந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் நிலக்கடலைக் கொல்லை. அதைத் தாண்டினால் முள்வேலி, வேலியை மேயும் ஆடுகள், தூர்ந்துபோன ஒரு கிணறு. அப்புறம் செம்மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மணலாகிக்கொண்டே போயிற்று. கடல் இன்னும் கண்ணில் படவில்லை. உதட்டில் மட்டும் உப்புக் கரித்தது. சின்னவள் அதையும் ஒரு குற்றமாக எடுத்து வைத்துக்கொண்டாள். குற்றம் சேர்க்கத்தானே அவள் வந்ததே.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வயதில் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாளாம், படகு இஞ்சின் பழுது பார்க்கிற ஒருவரை. கடைசி வார்த்தை சொல்லுமுன் தங்கை ஒருதரம் வந்து ஊரையும் வீட்டையும் பார்க்கட்டும் என்றாள். "நீ வேண்டாம்னு சொன்னா வேண்டாம்" என்றும் சொல்லிவைத்தாள். அந்தப் பேச்சுதான் சின்னவளின் நெஞ்சில் ஒரு வாரமாக ஊசி மாதிரி கிடந்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நாலு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு சின்னவள் வந்து நின்றபோது அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தையல் மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் பண்ணினாள். தன்னைப் பெண் கேட்டு யார் வந்தாலும், "இவ பொண்ணு முதல்ல படிக்கட்டும்" என்றே அனுப்பிவிட்டாள். படித்த பெண் இப்போது வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். அக்காவும் போய்விட்டால், சாயங்காலமானால் சண்டை போடக்கூட வீட்டில் ஆள் இருக்காது.

அந்த மோட்டார்காரர் முதலில் படகுக்கு மேலே கட்டுகிற தடித்த துணியைத்தான் இவர்கள் கடைக்குத் தைக்கக் கொண்டுவந்தார். அப்புறம் மாதம் ஒரு கிழிசல். ஒருநாள் சட்டை ஒன்றை நீட்டினார், கம்பியில் மாட்டிக்கொண்டதாம். கிழிசல் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. பிளேடு போட்டுக் கீறியதும் தானாகக் கிழிந்ததும் தையற்காரிக்குத் தெரியாதா? அவர் படி இறங்கியதும் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரை நாள் உட்கார்ந்து அந்தக் கீறலை அக்கா இழை இழையாக மூடியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஊர் முகப்பில் மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"மோட்டார் வீட்டுக்கா? ரெண்டு பேர்ல யாரு?"

அக்கா தன் கால் விரலைப் பார்த்தாள்.

"நான் இல்ல" என்றாள் சின்னவள். "நான் குத்தம் சொல்ல வந்தவ."

"தாராளமா சொல்லிட்டுப் போ. அதுக்கு இங்க பஞ்சமே இல்ல. ஒரு குடம் நல்ல தண்ணிக்கு அரை மணி நேரம் நிக்கணும், தெரியுமா?"

"எத்தனை குத்தம் ஆச்சு?" என்று அக்கா தங்கையிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இதோட பதினொண்ணு."

தகரக் கொட்டகையின் கீழே, மரச்சட்டத்தில் தொங்கவிட்ட இஞ்சினுக்குள் அவர் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். காது மடலில் கிரீஸ். "வாங்க, வாங்க" என்று இரண்டு பேரையும்தான் கூப்பிட்டார், கண் ஒருத்தியிடம்தான் போயிற்று.

"நல்ல தண்ணியையா இதுக்கு ஊத்தறீங்க?" என்றாள் சின்னவள்.

"உப்புல ஓடிட்டு வந்திருக்குங்க. குளிப்பாட்டிடணும். இல்லாட்டி உள்ளேயே அரிச்சிரும்."

வீடு இரண்டே அறை. பெருக்கின ஈர்க்குத் தடம் தரையில் அப்படியே இருந்தது. கடல் பக்கத்து அறையை அவர் கடைசியாகத் திறந்தார். திறந்துவிட்டு, பரீட்சைத் தாளை வாத்தியாரிடம் நீட்டிய பையன் மாதிரி ஓரமாக நின்றுகொண்டார். எதிர்ச் சுவரின் நடுவே சதுரமாக ஒரு புதுப்பூச்சு, மற்ற இடத்தைவிடக் கறுப்பாக, இன்னும் ஈரம் வற்றாமல்.

"இங்க ஒரு ஜன்னல் இருந்துச்சு. அடைச்சுட்டேன். கடல் காத்துல உப்பு வரும், தையல் மெஷினுக்கு ஆகாது. இப்ப ஒரு பொட்டு காத்து வராது பாருங்க."

அக்கா போய் அந்தச் சதுரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெளியே அலைச் சத்தம், சுவரில் காதை ஒட்டிக் கேட்கிற மாதிரி மங்கலாக வந்தது.

"நல்லா இருக்கு" என்றாள்.

சின்னவளுக்கு அந்த 'நல்லா இருக்கு' தெரியும். பொருந்தாத நிறத்தை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வந்தவர்களிடம் அக்கா சொல்வது. கடையில் இரண்டு மெஷினும் போட்டிருந்த இடத்துக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர், அதில் ஒரு குழாய். பதினெட்டு வருஷமாக அதைப் பார்த்தபடிதான் தைத்தார்கள். இந்த ஊரைப் பற்றி ஒரு மாதமாக அக்கா பேசியதெல்லாம், "நிமிர்ந்தா கடல் தெரியும்டி" என்பது மட்டும்தான்.

அக்கா கரையைப் பார்த்துவிட்டு வருவதாக வெளியே போனாள். சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது, மற்ற பதினொன்றும் தேவையில்லை. இது ஒன்றே போதும். பேருந்தில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்த ஆளுக்கு உன்னைத் தெரியலக்கா' என்று ஒரே வரி சொன்னால் முடிந்தது. நாளைக்கு இரண்டு மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்.

"ஜன்னலை அடைக்கச் சொல்லி அவ கேட்டாளா?"

"இல்லீங்க." அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "மெஷின் துருப்பிடிச்சு நின்னுடுச்சுன்னா அவங்களால கையைச் சும்மா வச்சுட்டு இருக்க முடியாது. அப்புறம் உங்க ஞாபகம் வந்துரும். திரும்பிப் போயிடுவாங்க."

சின்னவள் அந்தப் பூச்சைத் திரும்பிப் பார்த்தாள். தான் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு பயந்ததைத்தான் இந்த மனுஷரும் கல் வைத்துப் பூசியிருக்கிறார்.

"தினம் சாயங்காலம் எண்ணெய்த் துணியால துடைக்கணும்" என்றாள். "ஊசியைக் கழட்டி எண்ணெய்ப் பஞ்சுல சொருகி வைக்கணும். மேல தடிமனா உறை, நான் தைச்சுக் கொடுத்து விடறேன். இஞ்சினைக் குளிப்பாட்டத் தெரிஞ்சவருக்கு இது பெரிய வித்தையா?"

"செஞ்சிரலாம்ங்க."

"செய்வீங்கன்னா உளியை எடுங்க. அவ செவுத்தைப் பார்த்துத் தைச்சது போதும்."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துபோயிற்று. உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். நாலு நாள் பூச்சு, நாலு அடியில் பாளம் பாளமாக விழுந்தது. முதல் கல்லைச் சின்னவளே இரண்டு கையாலும் ஆட்டி இழுத்தாள்.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். "என்னடி பண்றீங்க ரெண்டு பேரும், வீட்டை இடிக்கிறீங்களா?"

அவர் தலையெல்லாம் தூசு, சின்னவள் புடவையெல்லாம் தூசு. சுவரில் ஒரு செங்கல் அகலத்துக்கு வெளிச்சம். அதன் வழியாகக் காற்று உள்ளே பாய்ந்து மூலையில் கிடந்த காகிதத்தைக் கிளப்பியது. அக்கா குனிந்து அந்த ஓட்டையில் முகத்தை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. நரைத்த முடி காதோரம் பறந்துகொண்டிருந்தது. அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா, பின்னாலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது.

சின்னவள் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள். அறையைச் சுற்றி ஒருதரம் அளவெடுக்கிற மாதிரி பார்த்தாள்.

"மெஷின் இந்தப் பக்கம், கட்டில் அந்தப் பக்கம்னா, நான் வந்தா எங்க படுக்கிறது, அக்கா?"