பூசணிக்கு ஒரு மிதவை

மாப்பிள்ளையை நினைத்தாலே அவளுக்கு வாயில் கசப்பு ஊறும். மனிதர் கடற்கரை விடுதி ஒன்றின் மேலாளர். கடலைக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தே பழகியவர். முட்டிக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் வரவேற்பறையில் ‘பவளத்தைக் காப்போம்’ என்று ஆளுயரப் பலகை! அதன் கீழே கண்ணாடிப் பெட்டியில் செத்த பவளம், பிளாஸ்டிக் மீன். இவருக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முதன்முதலில் கடலில் குதித்தபோது இருபது வயது. இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. படகுத்துறைக்கு எதிரே, ஐந்தாள் ஆழத்தில், உருண்டு திரண்டு நிற்கும் ஒரு பவளத்தை அன்றிலிருந்து பார்த்து வருகிறாள். அதற்குப் பூசணி என்று பெயரும் வைத்திருந்தாள். ஆண்டு முழுக்க வளர்ந்தாலும் ஒரு நகத்தளவு தேறாது. கடல் சூடேறி அக்கம்பக்கமெல்லாம் வெளுத்துச் செத்த கோடையிலும் அது பிழைத்தது. அதற்கு எமன் நங்கூரம்தான். நிரந்தரமாக ஒரு மிதவை கட்டுங்கள், படகுகள் அதில் கயிற்றைப் போடட்டும் என்று கேட்டு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை.

கடைசியில் அதைக் கட்ட முன்வந்தது மாப்பிள்ளையின் விடுதி. போன வாரம் அவரே வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அத்தை, மிதவைக்கு அடியில இரும்புக் கம்பி இறக்கணுமாம். நீங்க ஒரு தடவை வந்து இடத்தைக் காட்டினா நல்லாருக்கும்.”

“விளம்பரத்துக்கு என் மூஞ்சி வேணுமாக்கும்?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல அத்தை. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அதான்.”

“அது ஊருக்கே தெரியும் மாப்பிள்ளை. கடலுக்கு அடியில பாறைக்கா பஞ்சம்? பெருசா, அசையாததா ஒண்ணப் பாத்து அடிக்கச் சொல்லுங்க. இதுக்குக்கூடவா நான் வரணும்?”

மகள் சமையலறை வாசலில் நின்று முறைத்தாள். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். சரியான மண்டு என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இன்று மஞ்சள் மிதவை தண்ணீரில் பளபளத்தது. குறை கண்டுபிடிக்கவென்றே இறங்கினாள். கயிறு நல்ல கயிறு, முடிச்சும் சரி. அதுவே எரிச்சலாக இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடிவரை போனாள்.

கம்பி பூசணியின் உச்சந்தலையில் இறங்கியிருந்தது. துளையைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அங்கிருந்து அடிவரை ஒரு விரிசல். விரலை வைத்துப் பார்த்தாள், நுழைந்தது. மேலே மிதவை அலையில் ஆட ஆட, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டிருந்தது. முகமூடிக்குள் அழுதாள்.

துறைப் படியில் மாப்பிள்ளை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். கைகொடுத்து ஏற்றினார். முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க சொன்னபடியே செஞ்சாச்சு அத்தை. கீழ இருக்கறதுலயே பெருசு அதுதானாம். சரிதானே?”

மண்டு என்ற சொல் தொண்டைவரை வந்தது. இந்த முறை அது மாப்பிள்ளைக்கு இல்லை. மூச்சுக்குழாயை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.